வாய் படாத கப்பு

நீதான். வேறு யாருமில்லை, நீயேதான். நீ ஆணா பெண்ணா, கிழமா குமரா, உள்ளூரா வெளியூரா, எதுவும் எனக்குத் தெரியாது. உன் பேர் தெரியாது, மூஞ்சி தெரியாது. ஆனால் என் கடையில் ஒரு காப்பி வாங்கி, பேப்பர் கப்பின் விளிம்பில் உதடு பட்டுவிடக் கூடாது என்று தலையை அண்ணாந்து, ஆவி பறக்கிற காப்பியைத் தகரம் அடித்த தொண்டைக்குள் தாரையாக ஊற்றிக்கொண்டு, கப்பைப் பின்பக்கச் சாக்கடையில் வீசிவிட்டு பஸ் ஏறிப் போனது நீதான். நீ செய்த அந்த ஒரு காரியத்தால் நாளைக்கு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நகராட்சிக்காரர்கள் என் கடைக்குச் சீல் வைக்கப் போகிறார்கள். மேலே பார்க்கத் தெரிந்த உனக்கு, திரும்பிப் பார்க்கத் தெரியவில்லை.

நான் மயிலாத்தாள். ஊத்துக்கரடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி மயிலக்கா காப்பிக் கடை எங்கே என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். இந்தக் கடை எனக்கு அப்பன் எழுதி வைத்ததும் இல்லை, கட்டினவன் விட்டுப் போனதும் இல்லை. கல் சுமந்து, கடலைக்காய் விற்று, சந்தையில் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் பம்ப் ஸ்டவ்வை வைத்து, அப்புறம் ஒரு பெஞ்சு, அப்புறம் ஒரு கூரை, அப்புறம் ஒரு பலகை என்று ஒவ்வொன்றையும் பேரம் பேசிப் பேசிச் சேர்த்தது. பேரம் பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பிள்ளையாரிடம்கூட எடுத்தவுடனே நூற்றெட்டுத் தேங்காய் என்று நான் வேண்டிக்கொண்டதில்லை. ஏழில் ஆரம்பிப்பேன், அவர் முகத்தைப் பார்த்துப் பதினொன்றில் முடிப்பேன்.

அப்படித்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால், சில்வர் டம்ளர்களையெல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, கோயமுத்தூர் மொத்த வியாபாரி ஒருத்தரோடு அரை நாள் மல்லுக்கட்டி, அந்த மனுஷன் கடைசியில் “எடுத்துட்டுப் போய்த் தொலைம்மா” என்று கையெடுத்துக் கும்பிடும் வரைக்கும் விடாமல் பேசி, ஒரு லாரி பேப்பர் கப்பு இறக்கினேன். கழுவ ஆள் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், குடிக்கிறவன் குடித்துவிட்டு வீசிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். என் ஆயுசிலேயே நான் பேசின பேரங்களில் அதுதான் உசத்தி என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீசினது எங்கே போகும் என்பதை மட்டும் நான் பேசவில்லை. பேசாமல் விட்டதுதான் எப்போதும் காலை வாரும்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு, தாராபுரம் வண்டி கிளம்பிப் போன கையோடு, கப்புகள் வீட்டுக்குக் கிளம்பின. சாக்கடையிலிருந்தும், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற முள்ளுக்காட்டிலிருந்தும், குளத்து மதகிலிருந்தும், ரயில்வே கேட்டுப் பள்ளத்திலிருந்தும், நசுங்கினது நிமிர்ந்துகொண்டு, கிழிந்தது ஒட்டிக்கொண்டு, சேறு பூசினது ஒரு தடவை உடம்பை உதறிக்கொண்டு, டொக்கு டொக்கு என்று அடிப்பக்கத்தால் குதித்துக் குதித்து, லாரி வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்று, லாரி போனதும் ரோட்டைத் தாண்டி, தன்னைக் குடித்தவர் யாரோ அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. எங்கள் கடைக் கப்பு மட்டுமல்ல, எதிர்க்கடைக் கப்பு, மார்க்கெட் கடைக் கப்பு, கல்யாண மண்டபத்துக் கப்பு எல்லாம்தான். யாரும் கூச்சல் போடவில்லை. எங்கள் ஊரில் குழாயில் சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் வந்தால்தான் கூச்சல் போடுவார்கள்.

வாசல் தெளித்துக்கொண்டிருந்த செல்லக்கிளிதான் முதலில் பார்த்தாள். டவுன் பஸ் கண்டக்டர் பொன்னுரங்கத்தின் பெண்சாதி. முந்நூற்றுச் சொச்சம் கப்பு வரிசையாக வந்து அவள் போட்ட கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போய், படுத்திருந்த பொன்னுரங்கத்தின் கட்டிலைச் சுற்றி நின்றன.

“ஏனுங்க, இவிங்கெல்லாம் யாருங்க?”

பொன்னுரங்கம் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். “தெரியலியே அம்மணி. அட்ரஸ் மாறி வந்திருப்பாங்களாட்ட இருக்குது.”

செல்லக்கிளி ஒரு கப்பைத் தூக்கி, அடியில் விரலை விட்டுத் துழாவி, நக்கிப் பார்த்தாள். சர்க்கரை. டாக்டர் ஏழு வருஷத்துக்கு முன்னாலேயே வாயைக் கட்டச் சொன்ன மனுஷன். அன்றைக்கு அந்தத் தெருவில் கேட்ட சத்தத்துக்குக் கப்புகளே பயந்து கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டன என்று சொல்லுவார்கள்.

அப்புறம் ஊர் பழகிக்கொண்டது. எரித்துப் பார்த்தார்கள், புகை வாடையோடு திரும்பி வந்தது. மூட்டை கட்டிப் பழனியில் விட்டுப் பார்த்தார்கள். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கியது. பஸ்ஸில் வருகிற கப்புக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று ஒரு வாரம் சண்டை நடந்து, அஞ்சு வயசு ஆகாததுக்கு டிக்கெட் இல்லை என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் வீட்டுக்குள் நுழையும்போதே முற்றத்தை எண்ணினார்கள். “பையன் நல்ல மாதிரி, மொத்தமே நாப்பது கப்புதான்” என்று தரகர்கள் சொன்னார்கள். சஷ்டிக்குச் சஷ்டி பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று பேர் வாங்கியிருந்த பூசாரி வீட்டுத் திண்டில் ஏறி உட்கார்ந்த கப்புகளைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை, ஆனால் எல்லோரும் ஒரு தடவை அந்தத் தெரு வழியாக நடந்து போனார்கள். கவுன்சிலர் ‘தூய்மை நகரம்’ கூட்டத்தில் பேச எழுந்தபோது, அவருடைய ஆயிரத்து நூறு கப்பும் அவருக்கு முன்னால் நாற்காலிகளில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தன. உட்கார இடமில்லாத பொதுமக்கள் வெளியே நின்று கேட்டார்கள்.

எனக்கும் வந்தது. நான் என் கடைக் காப்பியைச் சில்வர் டம்ளரில்தான் குடிப்பேன், அதனால் எனக்கு ஒன்றும் வராது என்று மார்தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பதினோரு கப்பு ரோட்டைத் தாண்டி என் கல்லாப்பெட்டிக்கு முன்னால் வந்து நின்றது. பதினொன்றிலும் எதிர்க்கடை திருமூர்த்தியின் கடைப் பேர் அச்சடித்திருந்தது.

திருமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டின் அந்தப் பக்கம் நின்று சிரித்தான். “என்னங்க்கா, நம்ம காப்பி நல்லா இருந்துச்சுங்களா? பதினோரு தடவ!”

“எவ்வளவு கேவலமா போடறேன்னு பாக்க வந்தேன்டா!”

“ஒரு தடவ பாத்தாத் தெரியாதுங்களா?”

அந்தச் சமயம் பார்த்து என் கடையிலிருந்து இருபத்தாறு கப்பு டொக்கு டொக்கு என்று கிளம்பி அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

கப்புகளை என்ன செய்தால் அடங்கும் என்று கண்டுபிடித்தது யார் என்று ஊரில் இன்றைக்கும் நாலு பேர் சண்டை போடுகிறார்கள். நான்தான். என்னுடைய பதினொன்றும் ராப்பகலாக என் பின்னாலேயே வந்து, குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே காத்து நின்று, என் கோபத்தைக் கிளப்பியதில், “உனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொலை” என்று கத்தி, கையில் இருந்த காப்பிச் சக்கையை ஒன்றின் தலையில் கொட்டினேன். அது அப்படியே கொட்டாவி விட்ட மாதிரி அசைந்து உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் மண்ணும் போட்டு ரெண்டு கொத்தமல்லி விதையை நசுக்கிப் போட்டேன், தூங்கிவிட்டது. நாற்பது நாளில் செடி வந்தது, காகிதம் கரைந்து மண்ணோடு மண்ணாகப் போனது, உள்ளே ஒட்டியிருந்த மெல்லிசு பிளாஸ்டிக் தோல் மட்டும் பாம்புச் சட்டை மாதிரி மிஞ்சியது. அது கரையவே கரையாது என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னாள். ஆமாம், கரையவில்லை. அதை மட்டும் அவரவர் சுருட்டி அவரவர் பீரோவில்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பொன்னுரங்கம் வீட்டில் அதற்கென்று தனியாக ஒரு பீரோ வாங்கியிருக்கிறார்கள்.

அந்த நாற்பது நாளில் ஊத்துக்கரட்டில் காப்பிச் சக்கைக்கு வந்த கிராக்கி காப்பிக்கு வரவில்லை. காலையில் கடை திறக்கும் முன்னே பெண்கள் சட்டியோடு வரிசையில் நின்றார்கள். இனிமேல் புதுசாக ஒரு கப்பு பெற்றுக்கொள்ள யாருக்கும் தெம்பில்லை என்பதால், ஆளாளுக்குப் பரணில் இருந்த டம்ளரை இறக்கினார்கள். டம்ளர் மாறிப்போகக் கூடாது என்று பாத்திரக் கடையில் பேர் வெட்டக் கூட்டம் அலைமோதியது; பேர் வெட்டுகிற மாரியப்பனுக்குக் கை வீங்கிப்போய், கடைசியில் வந்தவர்களுக்கெல்லாம் முதல் எழுத்தோடு நிறுத்திவிட்டான். இப்போது என் கடைச் சுவரில் ஆணியடித்து முந்நூறு டம்ளர் தொங்குகிறது. காற்றடித்தால் கல்யாண வீடு மாதிரி சத்தம். கழுவுகிற தண்ணீர் பின்பக்கம் வாழைக்குப் போகிறது, அந்த வாழையில் நான் பேரம் பேசாமல் ஒரு குலை திருமூர்த்திக்குக் கொடுத்தேன் என்பதை யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

எல்லாக் கப்பும் போயிற்று. ஒன்றைத் தவிர.

அது என் கடைப் படியிலேயே நின்றது. எங்கும் கிளம்பவில்லை. வருகிறவர் போகிறவர் காலருகே ஓடி, முகத்தைப் பார்த்து, திரும்பி வந்து நின்றுகொள்ளும். பஸ் வந்தால் போதும், டொக்கு டொக்கு என்று ஓடிப்போய்ப் படிக்கட்டுக்குக் கீழே நின்று இறங்குகிறவர்களை ஒவ்வொருத்தராகப் பார்க்கும். கடைசி ஆளும் இறங்கினதும் மெதுவாகத் திரும்பி வரும். சக்கையும் மண்ணும் போட்டேன், கவிழ்த்துக் கொட்டிவிட்டு ஓடியது; குடித்தவர் வீட்டில்தான் அதற்குத் தூக்கம் வரும் போலிருக்கிறது. ஒரு வாரம் சும்மா விட்டேன். தானாகப் போய்விடும் என்று நினைத்தேன்.

மார்கழியில் நகராட்சி உத்தரவு வந்தது. எந்தக் காப்பிக் கடையில் ஒரே ஒரு பேப்பர் கப்பு இருந்தாலும் அந்தக் கடைக்குச் சீல். உத்தரவை எடுத்துக்கொண்டு வந்தவர் சுகாதார ஆய்வாளர் ஜெசிந்தா. காப்பி குடிக்காதவர், டீ குடிக்காதவர், வெந்நீர்தான் குடிப்பார், அதையும் சொந்த பாட்டிலில் கொண்டு வருவார். இந்த மாதிரி ஆளோடு பேரம் பேசுவது பாறையில் பால் கறக்கிற வேலை.

“இது என்ன?” படியில் நின்ற கப்பைப் பேனாவால் காட்டினார்.

“அது கடையோடது இல்லீங்க மேடம். வழி தெரியாம நிக்குது.”

“மூணு நாள்ல இது இங்க இருக்கக் கூடாது.”

“சித்திரை வரைக்கும் டைம் குடுங்க.”

“சித்திரையா? ஒரு வாரம்.”

“பங்குனி.”

“அம்மா, நான் என்ன வெண்டைக்காயா விக்கறேன்?”

“ஒரு மண்டலம் குடுங்க மேடம். சாமிக்கே அதுதானுங்க கணக்கு.”

அவர் என்னைப் பார்த்தார், கப்பைப் பார்த்தார். கப்பு அவர் செருப்பருகே போய் முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, நீ இல்லை என்று திரும்பி வந்தது. அவர் முகத்தில் ஏதோ கொஞ்சம் அசைந்தது. “இருபத்தொரு நாள்,” என்றார். “இருபத்தொண்ணாம் நாள் வெள்ளிக்கிழமை. பதினோரு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கேட்டாக்கூட அப்பவே பூட்டிருவேன்.” மூன்றை இருபத்தொன்றாக்கினேன். வேறு யாராக இருந்தாலும் நாலில் நின்றிருப்பார்கள்.

முகவரி இல்லாமல் அது ஏன் நிற்கிறது என்பதை என் காப்பி மாஸ்டர்தான் சொன்னார். பேர் குழந்தைவேல், வயசு அறுபத்திரண்டு, மீசை கண்ணாடிக் கதவில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு. அவர் கப்பை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அக்கா, மத்த கப்புலெல்லாம் விளிம்புல ஒரு அடையாளம் இருந்துச்சுங்க. வெத்தலச் சாறு, மீசை நுரை, உதட்டுச் சாயம், என்னமோ ஒண்ணு. அத வச்சுத்தான் அதுங்க வீடு கண்டுபிடிச்சுப் போச்சு. இதுல பாருங்க, பளிச்சுன்னு இருக்குது. இது அண்ணாந்து குடிச்சவிங்களோட கப்புங்க. வாயே படல. அதுக்கு யாருன்னே தெரியாது.”

எனக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. வாய் படவில்லை என்றால் யாராவது ஒருத்தர் வாயைப் படவைத்துவிட்டால் போகிறது. பொன்னுரங்கத்தைப் பிடித்தேன். முந்நூறோடு முந்நூற்றொன்று. ஒரு மாசம் இலவசக் காப்பி என்றேன். இரண்டு மாசம் என்றார். சர்க்கரை இல்லாமல் என்றேன். அப்படியானால் மூன்று என்றார். செல்லக்கிளியைக் கூப்பிடவா என்றேன். ஒரு மாசத்துக்கே வந்துவிட்டார். மாஸ்டர் காப்பியை ஊற்றினார். பொன்னுரங்கம் உதட்டைக் குவித்துக்கொண்டு குனிந்தார். கப்பு விலகிக்கொண்டது. இவர் வலப்பக்கம் போனால் அது இடப்பக்கம், இவர் இடப்பக்கம் போனால் அது வலப்பக்கம். கடைசியில் காப்பி மொத்தத்தையும் அவர் சட்டையில் கொட்டிவிட்டுப் போய்ச் சுவர் மூலையில் முகத்தைத் திருப்பி நின்றுகொண்டது.

“என்னங்க்கா இது, பொண்ணு பாக்கப் போன எடத்துல வேண்டாம்னு சொன்ன மாதிரி இருக்குது,” என்றார் பொன்னுரங்கம், நிஜமாகவே மனசு உடைந்து.

ஊரே வந்து வாயைக் குவித்துப் பார்த்தது. கவுன்சிலர் பத்திரிகைக்காரரோடு வந்தார். திருமூர்த்தி, பழைய பகையை மறந்து, பல் விளக்கிவிட்டு வந்தான். யாரிடமும் அது மசியவில்லை. மாஸ்டர் மட்டும் விடாமல், ஒவ்வொரு விதமாகக் காப்பி போட்டு ஊற்றிப் பார்த்தார். பாதி ஸ்ட்ராங் என்றால் கவிழ்த்தது, முழுச் சர்க்கரை என்றால் கவிழ்த்தது. பதிமூன்றாம் நாள், டபுள் ஸ்ட்ராங்கில் அரைச் சர்க்கரை போட்டு, நுரையை ஸ்பூனால் வழித்து எடுத்துவிட்டு ஊற்றினார். கப்பு அசையாமல் நின்றது. ஒரு சொட்டு சிந்தாமல், காப்பி ஆறிப்போகும் வரைக்கும், யாரோ வருவார்கள் என்கிற மாதிரி நின்றது. அன்றைக்கு மாஸ்டர் வெங்காயம் நறுக்காமலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆக, உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டு. அண்ணாந்து குடிப்பாய், டபுள் ஸ்ட்ராங், அரைச் சர்க்கரை, நுரை இல்லாமல். இதை வைத்துக்கொண்டு ஊரைச் சல்லடை போட்டேன். பஸ் ஸ்டாண்டில் நின்று ஒவ்வொருத்தர் தொண்டையையும் பார்த்தேன். ரிட்டயர்டு தாசில்தார் நல்லதம்பி ஆயுசில் ஒரு பாத்திரத்தில் வாய் வைத்ததில்லை என்று எல்லோருக்கும் தெரியும். கப்பைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன்.

“ஏம்மா, நான் போயி பேப்பர் கப்புல குடிக்கிறவனா? எங்க வீட்டுல வெள்ளி டம்ளர் இருக்குது, தெரியுமா?”

“வெள்ளி டம்ளர் பஸ் ஸ்டாண்டுக்கு வராதுங்களே.”

“நான் பஸ்ல போறவனே இல்ல!”

கப்பு அவர் நாற்காலியில் ஏறி, மடியில் ஏறி, முகத்துக்கு நேராக நின்று நன்றாகப் பார்த்துவிட்டு இறங்கி வந்தது. அவர் இல்லை. ஆனால் அவர் பயந்துபோய், அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டு நடுவில் நின்று, நாலு பேர் பார்க்கிற மாதிரி, டம்ளரில் வாயை அழுத்தி வைத்து உர்ர்ர் என்று உறிஞ்சிக் குடித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும். சந்தேகம் தங்கள் மேல் வந்துவிடக் கூடாது என்று, தலைமுறை தலைமுறையாக வீட்டுச் சொம்பில் அண்ணாந்தே குடித்துக் கழுத்து நீண்டுபோன குடும்பங்களெல்லாம் இப்போது போட்டி போட்டுக்கொண்டு உறிஞ்சுகின்றன. காலை ஏழு மணிக்கு என் கடைக்கு முன்னால் நின்றால் தவளைக் குளம் மாதிரி இருக்கிறது. ஊத்துக்கரட்டில் இன்றைக்கு அண்ணாந்து குடிக்கிறவர் ஒருத்தர்கூட இல்லை. உன்னைத் தேடப் போய், உன் அடையாளத்தை நானே அழித்துவிட்டேன். என் பேரங்களில் இது எனக்கு விழுந்த ரெண்டாவது அடி.

இன்றைக்கு வியாழக்கிழமை. இருபதாம் நாள். மாஸ்டர் பால் சட்டியைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டை போட்டுவிடுவார் போலிருக்கிறது; இந்த வயசில் எந்தக் கடையில் போய் நிற்பார்? திருமூர்த்தி வந்து, “அக்கா, சீல் வச்சா என் கடையில பாதியை எடுத்துக்கங்க” என்றான். அவன் நல்லவனாக ஆகிவிட்டான் என்றால் என் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள். கப்பைத் தூக்கி எங்கேயாவது கடாசிவிடலாமே என்கிறாயா? நாலு தடவை கடாசினேன். நாலு தடவையும் வந்தது. அது அறிந்த வாசல் இது ஒன்றுதான். கடைசித் தடவை மழையில் நனைந்து ஓரம் பிய்ந்து வந்து நின்றபோது, நானே துண்டால் துடைத்து அடுப்போரம் வைத்தேன். என்னை யாரும் அப்படித் துடைத்து வைத்ததில்லை.

அதனால் இப்போது உன்னிடம் பேசுகிறேன், கேள். நீ எந்த ஊரில் இருந்தாலும் சரி, விடிகாலை முதல் வண்டியைப் பிடி. காப்பி என் செலவு. டபுள் ஸ்ட்ராங், அரைச் சர்க்கரை, நுரையை மாஸ்டரே வழித்துவிடுவார். அண்ணாந்து குடித்தது உன் குலமா குணமா என்று நான் கேட்க மாட்டேன், ஊரும் கேட்காது, கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பயப்படுகிற எச்சில் அதில் இல்லை. இந்த ஊரிலேயே யார் வாயும் படாத பாத்திரம் அது ஒன்றுதான்; ஊரே வாயைக் குவித்து நின்றும் அது சம்மதிக்கவில்லை. யாருக்காக அப்படி வைத்திருக்கிறது என்று நினைக்கிறாய்?

பத்தே முக்காலுக்குள் வந்துவிடு. சரி, பத்து ஐம்பது. அதற்கு மேல் ஒரு நிமிஷம் இறங்க மாட்டேன். வந்து, தலையைக் குனிந்து, வாயை வை.